இஸ்திரித் துணிக்கு அடியில் ஒரு சரித்திரம்

அமெரிக்காவில், யூட்டா மாகாணத்தின் தென்கோடியில், செயின்ட் ஜார்ஜ் என்று ஓர் ஊர் இருக்கிறது. சுற்றிலும் செந்நிறப் பாறைகள். கோடையில் மண்டையைப் பிளக்கும் வெயில். 1940-களில் அந்த ஊரின் ஒரு வீட்டில் ஒரு சின்ன நாடகம் அடிக்கடி நடந்துகொண்டிருந்தது.

வீட்டுக்கார அம்மாள் டைப்ரைட்டருக்கு முன்னால் உட்கார்ந்து படபடவென்று தட்டிக்கொண்டிருப்பார். வாசலில் யாரோ வரும் சத்தம் கேட்கும். அவ்வளவுதான்! இஸ்திரி போடுவதற்காகப் பக்கத்திலேயே குவித்து வைத்திருக்கும் துணிகள் டைப்ரைட்டர்மீது விழுந்து அதை மூடிவிடும். பேசிவிட்டுப் போகலாம் என்று வந்த அண்டை வீட்டுக்காரியின் கண்ணுக்குத் தெரிவதெல்லாம், எத்தனை போட்டாலும் தீராத துணி மூட்டையும் அதனோடு மல்லாடும் ஒரு குடும்ப ஸ்திரீயும்தான்.

அப்படி என்ன ரகசியத்தை மூடி மறைத்தார் அந்த அம்மாள்? வேடிக்கை என்னவென்றால், அவர் எதையும் மறைக்கப் பாடுபடவில்லை. ஊரே தொண்ணூறு வருஷங்களாக மறைத்து வந்த ஒன்றை வெளியே கொண்டுவரத்தான் பாடுபட்டார்!

அவர் பெயர் வானிட்டா புரூக்ஸ். ஒன்பது குழந்தைகளுக்குத் தாய். ஊர்ப் போலீஸ் தலைவராக, அதாவது ஷெரீபாக, இருந்தவரின் மனைவி. எல்லாவற்றுக்கும் மேலாக, பிறந்தது முதல் பக்தியுள்ள ஒரு மார்மன். தம் சபையின் சரித்திரத்திலேயே மிகவும் கறுத்த ஒரு பக்கத்தை எழுதிவிட்டு, அதே சபையில் கடைசிவரை இருந்தவர். இந்த இரண்டாவது காரியம்தான் முதலாவதைவிடக் கஷ்டமானது.

யார் இந்த மார்மன்கள்?

1830-ம் வருஷம் நியூயார்க் மாகாணத்தில் ஜோசப் ஸ்மித் என்ற 24 வயது இளைஞர் ஆரம்பித்தது இந்தச் சபை. அதன் முழுப் பெயர் 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை.' ஒரு தேவதூதர் காட்டிய தங்கத் தகடுகளிலிருந்து தெய்வ அருளால் மொழிபெயர்த்ததாக அவர் ஒரு வேதத்தை வெளியிட்டார். அதுதான் 'மார்மன் புஸ்தகம்.' அதனால் ஜனங்கள் இவர்களை மார்மன்கள் என்றே அழைத்தார்கள். முழுப் பெயரால் அழையுங்கள் என்று 2018-ல் சபை கேட்டுக்கொண்டது. ஆனால் பழக்கத்தை அவ்வளவு சுலபமாக விட முடிகிறதா?

அண்டை அயலாருக்கு இவர்களைப் பிடிக்கவில்லை. மிஸௌரி மாகாணத்தில் 1838-ல் கவர்னரே, இவர்களை ஒழித்துக்கட்ட வேண்டும் அல்லது துரத்திவிட வேண்டும் என்று உத்தரவு போட்டார். அடுத்து இல்லினாய் மாகாணத்தில் குடியேறினார்கள். அங்கே 1844-ல் சிறைக்குள் புகுந்த ஒரு கும்பல் ஜோசப் ஸ்மித்தைச் சுட்டுக் கொன்றது. அதற்குப் பிறகு பிரிகாம் யங் என்பவர் தலைமையில் வண்டி கட்டிக்கொண்டு பாலைவனத்தையும் மலைகளையும் கடந்து, 1847-ல் உப்பு ஏரிப் பள்ளத்தாக்கை அடைந்தார்கள். அங்கே அவர்கள் எழுப்பிய நகரம்தான் ஸால்ட் லேக் ஸிட்டி.

துன்பப்பட்டவர்கள் நாம், துரத்தப்பட்டவர்கள் நாம் என்ற நினைவை ஒவ்வொரு மார்மன் குழந்தையும் தாய்ப்பாலோடு பருகி வளர்ந்தது. அந்த நினைவு பொய்யல்ல. ஆனால் அது முழுச் சரித்திரமும் அல்ல.

கிழவரின் மரணப் படுக்கை

வானிட்டா 1898-ல் நெவாடா மாகாணத்திலுள்ள பங்கர்வில் என்ற மார்மன் குடியேற்றத்தில் பிறந்தவர். இருபது வயசுக்கெல்லாம் பக்கத்து ஊரான மெஸ்கீட்டில் உபாத்தியாயினி ஆகிவிட்டார். அந்த ஊரில் நெபை ஜான்ஸன் என்று எண்பதைத் தாண்டிய ஒரு பெரியவர் இருந்தார். ஊரார் கை கூப்பாத குறையாக மரியாதை செலுத்திய சபை மூப்பர். ஒரு நாள் அவர் இந்த இளம் உபாத்தியாயினியிடம் வந்து, ஓர் உதவி கேட்டார். தம் கண்கள் பார்த்தும் நாக்கு இதுவரை பேசாத சில சங்கதிகள் இருக்கின்றன. சாவதற்குள் அவற்றை யாராவது எழுதிவிட வேண்டும் என்றார்.

"ஆகட்டும் தாத்தா, பார்க்கலாம்" என்கிற தினுசில் வானிட்டா தள்ளிப் போட்டுவிட்டார். பள்ளிக்கூட வேலை இருக்கிறதே! இளமைக்கு எப்போதும் நாளை என்று ஒன்று உண்டு. முதுமைக்கு அது நிச்சயமில்லை.

1919-ல் கிழவர் படுத்த படுக்கையானார். வானிட்டா ஓடிப் போய்ப் பார்த்தார். கிழவருக்கு ஜன்னி கண்டிருந்தது. ஜெபம் செய்தார், பாடினார், திடீரென்று கண்களை அகல விழித்து, "ரத்தம்! ரத்தம்!" என்று அலறினார். ஏன் இப்படித் தவிக்கிறார் என்று பக்கத்திலிருந்தவரை வானிட்டா கேட்டார். 'மௌண்டன் மெடோஸ்' கொலையின்போது இவர் அங்கே இருந்தவர் என்று பதில் வந்தது.

கிழவர் சொல்ல வந்ததைச் சொல்லாமலே போய்விட்டார். ஆனால் அந்த அலறல் வானிட்டாவின் காதைவிட்டு அகலவே இல்லை.

புல்வெளியில் நடந்தது

மௌண்டன் மெடோஸ் என்றால் 'மலைப் புல்வெளி' என்று அர்த்தம். பெயரைக் கேட்டால் வனபோஜனத்துக்குப் போகத் தோன்றும். நடந்ததோ வேறு.

1857-ம் வருஷம் யூட்டாவில் யுத்த பீதி பரவியிருந்தது. மார்மன்கள் அமெரிக்க சர்க்காருக்கு அடங்க மறுக்கிறார்கள் என்று கருதி ஜனாதிபதி புக்கானன் ராணுவத்தை அனுப்பியிருந்தார். மறுபடியும் நம்மைத் துரத்த வருகிறார்கள் என்று ஜனங்கள் நடுங்கினார்கள். பிரசங்க மேடைகளில் அனல் பறந்தது. இந்தச் சமயத்தில்தான் ஆர்கன்ஸா மாகாணத்திலிருந்து கலிபோர்னியாவுக்குக் குடியேறப் புறப்பட்ட ஒரு வண்டித் தொடர் அந்த வழியாக வந்தது. ஆண்கள், பெண்கள், குழந்தைகள், ஆடுமாடுகளோடு வந்த குடும்பங்கள்.

செப்டம்பர் 7-ம் தேதி அவர்கள்மீது தாக்குதல் ஆரம்பித்தது. உள்ளூர் மார்மன் தலைவர்கள் திட்டமிட்டு, பாயூட் பழங்குடியினர் சிலரையும் சேர்த்துக்கொண்டு நடத்திய தாக்குதல். வண்டிகளை வளைத்து நிறுத்தி ஐந்து நாள் தாக்குப் பிடித்தார்கள் பிரயாணிகள். செப்டம்பர் 11-ம் தேதி ஜான் டி. லீ என்ற மார்மன் வெள்ளைக் கொடியோடு வந்தார். ஆயுதங்களைக் கொடுத்துவிட்டால் பத்திரமாக அழைத்துப் போகிறோம் என்று வாக்குக் கொடுத்தார். நம்பினார்கள். பெண்களும் குழந்தைகளும் முன்னால் நடந்தார்கள். பின்னால் ஆண்கள், ஒவ்வொருவர் பக்கத்திலும் துப்பாக்கியோடு ஒரு மார்மன் காவல்காரர். சற்று தூரம் போனதும் ஓர் உத்தரவு பிறந்தது. காவலுக்கு வந்தவர்களே சுட்டார்கள்.

அந்த ஐந்து நாளில் மாண்டவர்கள் சுமார் 120 பேர். உயிரோடு விட்டது 17 குழந்தைகளை மட்டும். வெளியே போய்ச் சொல்லத் தெரியாத வயசு என்பதற்காக.

பிரயாணிகளைத் தொந்தரவு செய்யாமல் போக விடுங்கள் என்று ஸால்ட் லேக்கிலிருந்து பிரிகாம் யங் எழுதிய கடிதம் இரண்டு நாள் கழித்து வந்து சேர்ந்தது.

பிறகு? எல்லாம் அந்தப் பழங்குடிகள் செய்தது என்று சொல்லிவிட்டார்கள். இருபது வருஷம் கழித்து, 1877-ல், அதே புல்வெளிக்கு ஜான் டி. லீயைக் கொண்டுவந்து, அவருடைய சவப்பெட்டியின் மேலேயே உட்காரவைத்துச் சுட்டார்கள். தண்டனை பெற்றவர் அவர் ஒருவர்தான். 'ஆயிற்று, முடிந்தது' என்று ஊர் மூச்சு விட்டது. பேச்சு நின்றது. வீட்டுக்கு வீடு மௌனம் குடியேறியது.

அடுப்படிக்கும் ஆராய்ச்சிக்கும் நடுவே

வானிட்டாவின் வாழ்க்கை சுகமானதல்ல. 1919-ல் கலியாணம், 1921 ஜனவரியில் கணவர் புற்றுநோயால் இறந்தார். இடுப்பில் ஒரு கைக்குழந்தை. அழுதுகொண்டு மூலையில் உட்காரவில்லை, மேலே படித்தார். நியூயார்க்கிலுள்ள கொலம்பியா சர்வகலாசாலை வரை போய் எம்.ஏ. பட்டம் வாங்கி வந்தார். செயின்ட் ஜார்ஜ் காலேஜில் ஆசிரியை ஆனார். 1933-ல், மனைவியை இழந்து நான்கு பிள்ளைகளோடு இருந்த ஷெரீப் வில் புரூக்ஸை மணந்தார். அவருடைய நாலு, இவருடைய ஒன்று, பிறகு பிறந்தவை நாலு, கணக்குச் சரிதானே?

இத்தனைக்கும் நடுவே, பழைய குடும்பங்களின் பரண்களிலிருந்து டைரிகளையும் கடிதங்களையும் தேடி எடுத்துப் பிரதி செய்தார். பகலில் சமையல், துணி, சபையின் மாதர் சங்கத்துத் தலைமை. ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு டைப்ரைட்டர். எடுத்த ஒவ்வொரு காகிதத்திலும் தெரிந்த பெயர்கள். இந்த வீட்டுத் தாத்தா, அந்த வீட்டுப் பெரியப்பா. அவருடைய சொந்தப் பாட்டனார் டட்லி லெவிட்டின் பெயர்கூட அந்தச் சம்பவத்தோடு சேர்த்துப் பேசப்பட்ட பெயர்களில் ஒன்று!

வேறொரு தேசத்தவன் செய்த பாவத்தை எழுதுவது எளிது. தன்னைத் தோளில் தூக்கி வளர்த்த தலைமுறையின் பாவத்தை எழுதுவதற்குக் கை நடுங்கும். இஸ்திரித் துணி எதற்கு என்று இப்போது தெரிகிறதல்லவா?

கொலையில் சம்பந்தப்பட்டவர்கள் பிற்காலத்தில் பிரமாணம் செய்து கொடுத்த வாக்குமூலங்கள் சில, சபைத் தலைமையகத்தில் இருந்தன. அவற்றைப் பார்க்க வேண்டுமென்று வானிட்டா ஸால்ட் லேக்குக்கே போனார், காத்திருந்தார், கேட்டார். அனுமதி கிடைக்கவில்லை. சபைக்கு உண்மையாக இருந்த ஒரு பெண்ணுக்குச் சபையே கதவைச் சாத்தியது. அந்தக் கதை உட்பட எல்லாவற்றையும் புத்தகத்தில் எழுதினார்.

1950-ல் ஸ்டான்போர்டு சர்வகலாசாலை அந்தப் புத்தகத்தை அச்சிட்டது. பிரிகாம் யங் கொலைக்கு உத்தரவிட்டார் என்று அவர் சொல்லவில்லை. அதற்கு ஆதாரம் இல்லை என்றார். ஆனால் தலைவர்களின் யுத்தப் பிரசங்கங்கள்தான் வெடி மருந்தை உலர்த்தி வைத்தன, நடந்த பிறகு உண்மையை மூடி மறைத்ததில் அவர்களுக்கும் பங்குண்டு, லீ மட்டும் பலியாடு ஆக்கப்பட்டார் என்று எழுதினார். சபையைத் தூஷிக்க வந்தவர்களுக்கும் இது பிடிக்கவில்லை. சபையைத் துதிக்க வந்தவர்களுக்கும் பிடிக்கவில்லை. நேர்மையான சரித்திரத்துக்கு இது ஒரு நல்ல அடையாளம்.

மந்தையின் ஓரத்தில்

ஐந்து வருஷத்துக்கு முன்னால்தான் இன்னொரு மார்மன் குடும்பத்துப் பெண், பான் புரோடி என்பவர், ஜோசப் ஸ்மித்தின் வாழ்க்கை வரலாற்றை எழுதியிருந்தார். சபையின் பெருந்தலைவர்களில் ஒருவரான டேவிட் மெக்கேயின் சகோதரர் மகள் அவர். ஸ்மித் தெய்வ தூதரல்ல என்ற முடிவுக்கு வந்து எழுதிய புத்தகம். 1946-ல் அவரைச் சபையிலிருந்து நீக்கிவிட்டார்கள். அவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வானிட்டாவை நீக்கவில்லை. கண்டனமும் இல்லை, மறுப்பும் இல்லை. ஆனால் மௌனத்துக்கும் ஒரு பல் உண்டே! சபைப் பணிகளுக்கு வந்துகொண்டிருந்த அழைப்பு நின்றது. தெருவில் பார்த்தால் சிலர் முகம் திருப்பிக்கொண்டார்கள். கோபித்துக்கொண்டு வெளியே போயிருக்கலாம். போகவில்லை. ஏன்?

அதற்குப் பதில் அவருடைய தகப்பனார் சொன்ன ஒரு வார்த்தையில் இருக்கிறது. அவர் மாடு ஓட்டிப் பழகியவர். இளமையில் மகள் மனக்குழப்பத்தோடு வந்து நின்றபோது, தமக்குத் தெரிந்த பாஷையில் புத்தி சொன்னாராம். மந்தையின் நடுவில் குதிரை ஓட்டுகிறவன் மாடுகளோடு மாடாகப் போய்விடுவான். அவனால் எதையும் திருப்ப முடியாது. கோபித்துக்கொண்டு மந்தையை விட்டே போகிறவனாலும் பிரயோஜனம் இல்லை. மந்தையின் ஓரத்திலேயே கூடப் போக வேண்டும்; திசை தெரிந்திருக்க வேண்டும்; உரக்கக் குரல் கொடுக்க வேண்டும். ஒன்றும் நடக்காமலும் போகலாம். ஒருவேளை நடந்தாலும் நடக்கும்!

வானிட்டா ஆயுள் முழுவதும் ஓரத்திலேயே ஓட்டினார். தாம் சேர்ந்த சபைக்கு உண்மைக்குக் குறைந்த எதுவும் தகுதியாகாது என்பது அவர் கொள்கை. பொய்யால் முட்டுக் கொடுத்தால்தான் நிற்கும் என்று ஒருவன் நினைத்தால், அவன் தன் வேதத்தைத்தான் சந்தேகிக்கிறான் என்று அவர் கருதியிருக்க வேண்டும்.

ஒரு பலியாட்டுக்கு நியாயம்

அடுத்தபடியாக ஜான் டி. லீயின் வாழ்க்கையை எழுதினார். 1961-ல் ஓர் ஆச்சரியம் நடந்தது. எண்பத்துநாலு வருஷங்களுக்கு முன் சுடப்பட்ட அந்த மனிதரை மறுபடியும் சபையின் அங்கத்தினராக ஏற்றுக்கொள்ளத் தலைவர்கள் தீர்மானித்தார்கள். ஆனால் அது வெளியே தெரியக் கூடாதாம். புத்தகத்தில் போட்டால் தீர்மானமே ரத்தாகலாம் என்ற எச்சரிக்கை வானிட்டாவுக்கு வந்தது. லீயின் பேரப்பிள்ளைகளோ இதற்காக ஆண்டுக்கணக்கில் ஏங்கியவர்கள். எவ்வளவு பெரிய தர்மசங்கடம் பாருங்கள்!

வானிட்டா யோசித்தார், அச்சிட்டார். தீர்மானம் ரத்தாகவில்லை.

சாத்திய கதவு திறந்தது

வானிட்டா 1989-ல் காலமானார். ஆனால் கதை அவரோடு முடியவில்லை.

நம்முடைய காலத்தில் ஒரு மார்மன் இளைஞனின் நிலையை யோசித்துப் பாருங்கள். சம்பாத்தியத்தில் பத்தில் ஒரு பங்கைச் சபைக்குக் கொடுக்கும் வீட்டில் பிறந்தவன். தன் இளமையில் இரண்டு வருஷத்தை மதப்பணிக்கு அர்ப்பணித்தவன். கலியாணம், நட்பு, ஞாயிற்றுக்கிழமை எல்லாமே சபையோடு பின்னியவை. ஒரு நாள் ராத்திரி தற்செயலாக எதையோ படிக்கிறான். மௌண்டன் மெடோஸ் மட்டுமல்ல. தீர்க்கதரிசி ஜோசப் ஸ்மித்துக்கு 30 முதல் 40 மனைவிகள் என்கிறார்கள். கறுப்பர்களுக்குக் குருத்துவம் கிடையாது என்று 1852-ல் ஆரம்பித்த தடை 1978 வரை நீடித்திருக்கிறது. அவன் மனசில் எழும் முதல் கேள்வி, 'இப்படியெல்லாம் நடந்ததா?' என்பதல்ல. 'என்னிடம் ஏன் ஒருவரும் சொல்லவில்லை?' என்பதுதான். பழைய பாவத்தைவிடப் புதிய மௌனம் அதிகமாகக் குத்துகிறது.

இது சபைக்கும் தெரியாமல் இல்லை. 1972-ல் லெனார்டு ஆரிங்டன் என்ற பொருளாதாரப் பேராசிரியரைச் சபையின் அதிகாரபூர்வ சரித்திரக்காரராக்கி, பழைய காகிதங்களைத் திறந்துவிட்டார்கள். பிறகு பயந்துபோய்ப் பாதி மூடினார்கள். 1982-ல் அவரை விடுவித்தார்கள். 1993-ல் அறிவாளிகள் ஆறு பேர்மீது ஒரே மாதத்தில் நடவடிக்கை எடுத்தார்கள். ஓர் அடி முன்னே, அரை அடி பின்னே.

2007 செப்டம்பர் 11 அன்று, கொலை நடந்து சரியாக 150 வருஷம் கழித்து, அதே புல்வெளியில் ஹென்றி ஐரிங் என்ற சபை அப்போஸ்தலர் எழுந்து நின்றார். மாண்டவர்களின் வம்சத்தார் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். சபையின் சார்பில் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார். அநியாயமாகப் பழி சுமந்த பாயூட் மக்களிடமும் வருத்தம் தெரிவித்தார். அடுத்த வருஷம் சபையின் சரித்திரக்காரர்களே அந்தக் கொலையைப் பற்றி விரிவான புத்தகம் எழுதினார்கள். 2009-ல், வானிட்டா அன்று காத்திருந்து கேட்டு ஏமாந்தாரே, அந்த வாக்குமூலங்களைச் சபையின் சொந்த சர்வகலாசாலையே அச்சிட்டு வெளியிட்டது!

2013 முதல் சங்கடமான விஷயங்களைப் பற்றிச் சபையே கட்டுரைகள் வெளியிட ஆரம்பித்தது. ஸ்மித்தின் மனைவிகளில் ஒருத்திக்குப் பதினைந்து வயசு நிறையச் சில மாதம் இருந்தது என்பதையும் ஒளிக்கவில்லை. கறுப்பர்களின் தடைக்கு முன்னோர்கள் சொன்ன காரணங்களைத் தள்ளிவிட்டது.

இதனால் எல்லோரும் சமாதானமாகிவிட்டார்களா? இல்லை. உண்மை தெரிந்ததும் சபையை விட்டுப் போனவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமை கிடையாது. நம்பிக்கை உடைந்த வீட்டில் எல்லோராலும் படுத்துத் தூங்க முடியாது. கேள்வியே கேட்காமல் மந்தையின் நடுவில் நிம்மதியாகப் போகிறவர்களும் உண்டு. மூன்றாவதாக ஒரு கூட்டம் இருக்கிறது. முன்னோர்கள் தேவர்களல்ல, மனிதர்கள்; அவர்கள் செய்த பாவம் பாவம்தான்; ஆனாலும் நான் ஜெபிக்கும் இடம் இதுதான் என்று சொல்லி, முள்ளையும் பூவையும் சேர்த்தே மடியில் கட்டிக்கொண்டவர்கள். வானிட்டா காட்டிய ஓரத்துப் பாதையில் நடக்கிறவர்கள் இவர்கள்தான். அந்தப் பாதையில் கூட்டம் குறைவு, குளிர் அதிகம்.

கிழவர் நெபை ஜான்ஸன் சொல்ல நினைத்ததைச் சொல்லிவிட்டுச் செத்திருந்தால், ஒருவேளை அலறாமல் செத்திருப்பார். அந்த ஓர் அலறலைக் கேட்ட பெண் முப்பது வருஷம் உழைத்து, துணி மூட்டைக்கு அடியில் ஒளித்து ஒளித்து, அவருக்காக அதை எழுதி முடித்தார். ஒளித்து வைத்த பாவம் பரம்பரைக்கெல்லாம் ஜன்னி கொடுக்கும். எழுதிப் படித்த பாவத்தை வைத்துக்கொண்டு அழலாம், வருந்தலாம், ஜெபமும் செய்யலாம்.

டைப்ரைட்டரின் மேலிருந்து துணியை எடுத்தாயிற்று. செயின்ட் ஜார்ஜில் இன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெபம் நடந்துகொண்டுதான் இருக்கிறது.